சிவப்புப் பத்து

காதர் பாட்சா வீட்டு வழக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் தங்கம் போடுவதில்லை. ஆணுக்குத் தங்கம் ஆகாது என்று மார்க்கம் சொல்லிவிட்டதால், மோதிரத்துக்கும் சங்கிலிக்கும் சேர வேண்டிய மரியாதை முழுவதும் ஒரு கைக்கடிகாரத்தின் தலையில் வந்து இறங்கியிருந்தது. நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை மேடை ஏறுவதற்கு முன்னால், பெண்ணுடன் பிறந்தவன் அதைச் சபை பார்க்க அவன் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு அவர்கள் மச்சானும் மாப்பிள்ளையும். வாட்ச் நின்று போனாலும் அந்த உறவு நிற்காது என்பார்கள்.

மற்ற மாப்பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வாட்ச் போதும். காதர் பாட்சாவின் மகன் முகம்மது ரியாஸ் விமானம் ஓட்டப் படித்தவன். அவனுக்கு விமானிகள் கட்டுகிற வாட்ச்தான் வேண்டும், அதையும் மாப்பிள்ளையே பார்த்து எடுக்கட்டும் என்று பெண்ணின் அண்ணன் நவ்ஷாத் சொல்லி அனுப்பியிருந்தார். நவ்ஷாத் சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருப்பவர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது தொழில். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை மஹ்ரீனுக்கு எல்லாம் அவர்தான்.

விருதுநகர் பஜாரில் பலவேசத்தின் வாட்ச் கடை ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலம். கண்ணாடி மேஜைக்கு முன்னால் போட்டிருந்த ஒற்றை பெஞ்சில் ரியாஸ் நடுவில் உட்கார்ந்திருந்தான். இடப்பக்கம் அத்தா காதர் பாட்சா, வலப்பக்கம் நவ்ஷாத். எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து வழிவிட வேண்டும்.

இந்த ஊரில் இப்படி ஒரு வாட்சை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று பலவேசம் சொன்னார். சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார். முதலில் தங்க முலாம் பூசிய ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, எதிரே இருக்கிறவர்கள் யார் என்று நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்தார். காதர் பாட்சாவுக்கு வாட்ச் பெரிதாக இருந்தால் போதும். தன் கமிஷன் கடையில் மிளகாய் வத்தல் மூட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்றார்.

“இது வாட்ச் இல்ல பாய், கையில கட்டுற கம்ப்யூட்டர்” என்றார் பலவேசம். “வெளி வளையத்தைத் திருப்பினா பிளேன் எம்புட்டு தூரம் போகும், எம்புட்டு எண்ணெய் குடிக்கும், எல்லாம் சொல்லும்.”

“மணி சொல்லுமா?” என்றார் காதர் பாட்சா.

பலவேசம் சிரித்துவிட்டு வாட்சை ரியாஸிடம் நீட்டினார். முகப்பு முழுக்க எண்கள். உள்ளே அசையாத ஒரு வளையம், வெளியே திரும்புகிற ஒரு வளையம், இரண்டிலும் எண்கள் எறும்புச் சாரைபோல ஊர்ந்தன. மற்றவர்களுக்கு அது குழப்பம். ரியாஸுக்கு அப்படி இல்லை. பறக்கப் படித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு கணக்குச் சக்கரம் கொடுத்திருந்தார்கள். அதைச் சுருக்கி வாட்சில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளி வளையத்தின் பன்னிரண்டை, அதுதான் நூற்றிருபது, உள் வளையத்தின் அறுபதுக்கு நேரே கொண்டுவந்தான். மணிக்கு நூற்றிருபது மைல் வேகம் என்றால் இருபது நிமிஷத்தில் நாற்பது மைல் என்று இருபதுக்கு எதிரே காட்டினான். விரல்கள் எதையும் மறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவன் வேறெங்கோ இருந்தான்.

அத்தா பலவேசத்தைப் பார்த்தார். பெருமையை வாயால் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எதிரே இருக்கிறவனைப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்போது கமிஷன் கடையிலிருந்து போன் வந்தது. அவர் எழுந்து, காதில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

பலவேசம் அதே மாதிரியில் இன்னொரு வாட்சையும் எடுத்தார். இரண்டையும் நீல வெல்வெட் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாடல் ஒன்றுதான், வளையத்தின் நிறம் மட்டும் வேறு. ஒன்று பச்சை, ஒன்று அரக்கு என்றார். அட்டைப்பெட்டி தேடிக் குனிந்தார்.

“பச்சை நல்லாருக்கு மாப்பிள்ளை” என்றார் நவ்ஷாத். “அந்தப் பச்சையைக் கட்டிப் பாருங்க.”

ரியாஸ் பார்த்தான். இரண்டு வளையமும் புளியங்கொட்டை நிறத்தில் இருந்தன. ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசமில்லை.

இப்படிப்பட்ட நேரங்களுக்கு அவனிடம் வழிகள் உண்டு. சின்ன வயதில் மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிக்கப் போய்ப் பாதிக்குப் பாதி பச்சைக்காயாகச் சாக்கில் போட்டு வந்தான். கண்ணு பின்னால பொடதியிலயா இருக்கு என்று அத்தா முதுகில் ஒன்று வைத்தார். அன்றைக்குத் தெரிந்துகொண்டான், மற்றவர்கள் பார்ப்பது ஒன்று தன் கண்ணுக்கு வரவில்லை என்று. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே சமாளிக்கக் கற்றுக்கொண்டான். வத்தலை விரலால் அழுத்தி, மோந்து பார்த்து, விதை குலுங்கும் சத்தம் கேட்டுத் தரம் சொன்னான். சிக்னல் விளக்கில் மேலே எரிவது எது, கீழே எரிவது எது என்று இடத்தை வைத்து அறிந்தான். விமானப் பள்ளியில் சேர்வதற்கான முதல் மருத்துவச் சோதனையில் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படப் புத்தகத்தைக் காட்டினார்கள். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று மூத்த மாணவன் ஒருவனிடம் கேட்டு, முந்தின வாரமே பாராமல் படித்திருந்தான். ஒன்றும் தவறவில்லை. பறந்தான். தனியாகவும் பறந்தான்.

பெங்களூரில் நடந்த பெரிய சோதனையில் புத்தகத்தோடு விடவில்லை. இருட்டறையில் உட்கார வைத்து எதிரே குண்டூசித் தலையளவு விளக்குகளை ஏற்றி அணைத்தார்கள். சிவப்பா, பச்சையா, வெள்ளையா, சொல்லு. மேலும் இல்லை, கீழும் இல்லை, மனப்பாடம் செய்ய ஒரு வரிசையும் இல்லை. தகுதியில்லை, இனி எப்போதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவன் ஊருக்குத் திரும்பியபோது விமான கம்பெனிகள் இருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. லைசென்ஸ் வைத்திருந்த எத்தனையோ பையன்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். இப்போது வேலை எடுக்கவில்லை என்று அத்தாவிடமும் அம்மா கமருன்னிசாவிடமும் சொன்னான். அது பொய்யில்லை. பொய்யாக இல்லாததால் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கமிஷன் கடையில் உட்கார்ந்தான். பைலட் மாப்பிள்ளை என்று சம்பந்தம் வந்தது. மறுக்கக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய காரணம் ஒன்றுகூட அவனிடம் இல்லை.

பலவேசம் பச்சை என்றுதான் முதலில் சொன்னார். அப்படியானால் முதலில் வைத்தது பச்சை. இடமிருந்து வலமாகத்தான் யாரும் வைப்பார்கள். ரியாஸ் இடப்பக்கத்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான். பலவேசம் எதிரே நின்று வைத்தார் என்பதும், அவருடைய இடம் தனக்கு வலம் என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை.

கடையில் மாட்டியிருந்த அத்தனை கடிகாரமும் அப்போதுதான் ஓடத் தொடங்கியதுபோலக் கேட்டது.

“இந்தப் பச்சையே இருக்கட்டுமா?” என்றார் நவ்ஷாத் கடைசியில், மெதுவாக.

“இருக்கட்டும் மச்சான். பச்சையே இருக்கட்டும்.”

நவ்ஷாத் அவன் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பலவேசம் நிமிர்ந்ததும், வெல்வெட்டில் மிச்சமிருந்த வாட்சைக் காட்டி, இதைப் பெட்டியில் வையுங்கள் என்றார். அப்போதுதான் தான் கட்டியிருப்பது அரக்கு என்று ரியாஸுக்குப் புரிந்தது. கையில் இருந்ததைக் கழற்ற விரல் வரவில்லை. நவ்ஷாதே குனிந்து, குழந்தைக்குக் கழற்றுவதுபோல, கழற்றிக் கொடுத்தார்.

கல்யாணப் பத்திரிகை புரூஃப் தயாராக இருக்கிறது, மாப்பிள்ளையும் ஒரு கண் பார்த்துவிட்டால் நல்லது என்று சொல்லி நவ்ஷாத் அவனைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். காதர் பாட்சாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து போவதைப் படியில் நின்று பார்த்துவிட்டுக் கடைக்கு நடந்தார்.

வேன் சிவகாசிப் பக்கம் திரும்பியது. திருத்தங்கல் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு பட்டாசு கம்பெனி வேன்; ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்தது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டி நின்றது. தண்டவாளத்துக்கு அப்பால் கம்பத்தில் ஒரு விளக்கு எரிந்தது. நவ்ஷாத் அதைப் பார்த்தார். ரியாஸ் அவர் பார்ப்பதைப் பார்த்தான். அது என்ன நிறம் என்று கேட்டுவிடுவாரோ என்று ரயில் போய் முடிகிறவரை காத்திருந்தான். அவர் கேட்கவில்லை.

அச்சகத்தில் இரண்டு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை. சீசன் நேரம், கட்டுக் கட்டாக லேபிள்கள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மிஷின்மேன் சங்கிலிமுத்து வணக்கம் வைத்தார். நவ்ஷாத் ரியாஸை ஓரத்துக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது.

மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். இரண்டும் ஒரே கம்பிமத்தாப்புப் பெட்டியின் லேபிள். நடுவில் ஒரு கிளி.

“போன மாசம் மையை மாத்தி ஊத்திட்டான் ஒருத்தன். ஒரு லோடு பூரா வீணாப் போச்சு” என்றார். “இதுல எது நல்ல கிளி மாப்பிள்ளை?”

ரியாஸ் இரண்டு கிளியையும் பார்த்தான். ஒரே மூக்கு, ஒரே வால், கழுத்தில் ஒரே வளையம். பார்க்கப் பார்க்க இரண்டும் ஒன்றாகிக்கொண்டே வந்தன. எதையாவது தொட்டுவிடலாம். பாதி வாய்ப்பு இருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பாதியில்தான் வண்டி ஓடியது. ஆனால் எதிரே இருக்கிறவர் காலையிலிருந்து இரவுவரை நிறம் பார்த்துப் பிழைப்பவர். அவர் விடையைக் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

வெளியே மிஷின் தாளை எடுத்து எடுத்துப் போட்டது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது மச்சான்” என்றான்.

சொன்ன பிறகு மற்றது தானாக வந்தது. தோட்டத்திலிருந்து தொடங்கி பெங்களூர் இருட்டறைவரை சொன்னான். சொல்லச் சொல்ல, நெஞ்சில் கட்டிவைத்திருந்த மூட்டையின் வாய் அவிழ்ந்து தானியம் சரிவதுபோல இருந்தது. முடித்தபோது அவனுக்குத் தெளிவாக ஒன்று தோன்றியது: இனி இந்தக் கல்யாணம் நடக்காது. அத்தா முகம் கோணும், அம்மா அழும், ஊர் பேசும். ஆனால் கதவு திறந்துவிட்டது. வருஷக்கணக்கில் இப்படி அவன் மூச்சு விட்டதில்லை.

நவ்ஷாத் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்து இழுப்பறையில் போட்டார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அத்தாவுக்கு?”

“தெரியாது.”

“நல்லது” என்றார் நவ்ஷாத். “அப்படியே இருக்கட்டும்.”

ரியாஸுக்கு முதலில் புரியவில்லை. நவ்ஷாத் கோபப்படவில்லை. குரலில் வருத்தம்கூட இல்லை. மை தீர்ந்துபோன நேரத்தில் வேறு மைக்கு ஏற்பாடு செய்கிறவர்போலப் பேசினார். போன வருஷம் மஹ்ரீனுக்கு ஒரு சம்பந்தம், வந்தவர்கள் பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்த பிறகு முறிந்துபோனது. அவர்கள் வேறு பெரிய இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஊரில் அப்படியா சொன்னார்கள்? பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்றார்கள். இன்னொன்றும் முறிந்தால் அம்மா தாங்க மாட்டார்கள்.

“நீங்க குடிக்கீகளா? இல்ல. தொழுகை உண்டு, தொழில் உண்டு, நல்ல குடும்பம். கண்ணுல ஒரு கலர் தெரியல. அம்புட்டுத்தான மாப்பிள்ளை? அதுக்குப் போயி ஒரு கல்யாணத்தை நிறுத்துவாகளா?”

“நான் பைலட் இல்ல மச்சான்.”

“இப்ப எவன்தான் பைலட்டு? லைசென்ஸ் வச்சிருக்கவனே வீட்டுல உக்காந்திருக்கான். ஒரு வருஷம் போகட்டும். வேலை கிடைக்கல, கடையைப் பாக்குதேன்னு சொல்லுங்க. ஊரு நம்பும். நானே சொல்லுவேன்.”

அவன் இத்தனை மாதம் வீட்டில் சொல்லி வந்த அதே வாக்கியம்தான். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு உயரமான சுவர் என்று தெரிந்தது. அதை அவன் கட்டியது மற்றவர்கள் உள்ளே வராமலிருக்க. இப்போது வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து, அதற்குப் பூச்சு வேலை செய்து கொடுக்கிறார்.

ரியாஸ் ஒன்றே ஒன்று கேட்டான். மஹ்ரீனுக்குத் தெரிய வேண்டும். நிக்காஹ்வுக்கு முன்னால் தெரிய வேண்டும். பெண் சம்மதம் என்று சொன்னால்தான் நிக்காஹ். அந்தச் சம்மதம், உண்மையில் இல்லாத ஒரு பைலட்டுக்குப் போய்ச் சேர வேண்டாம். தெரிந்த பிறகு அவள் வேண்டாம் என்றால், தன் பக்கத்திலிருந்து குறை வந்ததாகச் சொல்லித் தானே நிறுத்திக்கொள்வதாகச் சொன்னான்.

“சொல்லுதேன்” என்றார் நவ்ஷாத்.

“நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.”

“சொல்லுதேன்னு சொல்லிட்டேன்ல மாப்பிள்ளை. அல்லா பேரால சொல்லுதேன். நிக்காஹ்வுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும்.”

அவர் எழுந்து கதவைத் திறந்தார். சங்கிலிமுத்து பத்திரிகை புரூஃபைக் கொண்டுவந்து நீட்டினார். கேப்டன் கா. முகம்மது ரியாஸ் என்று பெரிய எழுத்து. மேலே ஓரத்தில் மேகத்துக்குள் போகிற ஒரு விமானம். நவ்ஷாத் லென்ஸை வைத்து விமானத்தின் ஓரங்களைப் பார்த்தார். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

“ஓட்டுங்க” என்றார்.

மிஷின் தாளை இழுத்தது. ஒரு கேப்டன், இன்னொரு கேப்டன், அடுத்தவன். ரியாஸ் நின்று பார்த்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் காத்திருந்தான். மறுப்பு எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. போனில் வரலாம், ஜமாஅத்தில் பெரியவர் ஒருவர் அத்தாவைத் தனியே கூப்பிடலாம். கமிஷன் கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் கையில் இருக்கும் வத்தலை நொறுக்கினான். ஏழாயிரம் பேருக்குச் சமைக்கப் போவதுபோல அம்மா மளிகை வாங்கி அடுக்கினாள். மாமன்மார்கள் தோளில் தட்டி, ரன்வே எல்லாம் எப்படி மாப்பிள்ளை என்று கண்ணடித்தார்கள்.

நிக்காஹ்வுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. அக்கா நசிமா சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். மஹ்ரீனின் நம்பர் கிடைக்குமா என்று அவளிடம் கேட்டான். கேட்டதுதான் தப்பு. ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தாள். கேப்டனுக்கு கண்ட்ரோல் டவரோடு பேசாமல் இருக்க முடியவில்லையாம் என்று அத்தைமார்களிடம் போய்ச் சொன்னாள். நம்பர் வரவில்லை. ஒரு தடவை பெண் வீட்டு லேண்ட்லைனுக்கே போட்டான். எடுத்தது மஹ்ரீனின் அம்மா. ஸலாம் சொல்லி, சாப்பிட்டீகளா என்று கேட்டு, மாப்பிள்ளைக்கு எந்தப் பிரியாணி பிடிக்கும் என்று அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி வைத்துவிட்டான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தாண்டிப் போக அவனுக்கு வழி தெரியவில்லை.

மறுப்பு வரவே இல்லை. நாள் நெருங்க நெருங்க, வராமலிருப்பதற்கு அவன் மனம் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது: அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சரி என்றிருக்கிறாள். அந்த நினைப்பு முதலில் விருந்தாளிபோலத் தயங்கி வந்தது. பிறகு பாய் விரித்துப் படுத்துவிட்டது. இதுவரை முகத்தைப் போட்டோவில் மட்டும் பார்த்த ஒரு பெண், அவனுடைய குறையோடு அவனை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் நிறங்களைப் பற்றி நடிக்க வேண்டியதில்லை. அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான்.

சிவகாசியில் மண்டபம். சபை நிறைந்திருந்தது. மேடைக்குக் கீழே ரியாஸை நிற்க வைத்தார்கள். நவ்ஷாத் வெள்ளைச் சட்டையில், கொஞ்சம் தாமதமாக, பெண்கள் பக்கமிருந்து வேர்த்து வந்தார். பலவேசத்தின் கடைப் பெட்டியைத் திறந்து வாட்சை எடுத்தார். பார்த்தவர்கள் வாயில் மாஷா அல்லாஹ் வந்தது. அது என்னென்ன கணக்குப் போடும் என்று காதர் பாட்சா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் தப்பாகச் சொன்னார்.

நவ்ஷாத் குனிந்து வாரைக் கோத்தார். தலைகள் பக்கத்தில் வந்தன.

“சொல்லிட்டீகளா மச்சான்?”

“சொல்லியாச்சு.”

“என்ன சொன்னாக?”

“சம்மதம்னு சொல்லியிருக்கா மாப்பிள்ளை. மேடைக்குப் போங்க.”

கொக்கி விழுந்தது. ரியாஸ் மேடை ஏறினான். நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் மூன்று முறை கேட்டார். அவன் மூன்று முறையும் தெளிவாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, ஏற்றுக்கொண்டேன் என்றான். இவ்வளவு சத்தமாக எந்த மாப்பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை என்று யாரோ சிரித்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து அவனைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப்போய், பெண்கள் இருந்த அறையில் மஹ்ரீன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அறை சின்னது. வாசல் வரைக்கும் பெண்கள். ஜன்னலிலும் இரண்டு முகம். மஹ்ரீன் குனிந்திருந்தாள், மடியில் மருதாணியிட்ட இரண்டு கையும் மூடிய புத்தகம்போல இருந்தன. அவனுக்கு அந்த மருதாணி கறுத்த கொடிகளாகத் தெரிந்தது. நன்றி என்று அவளிடம் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அதற்குத் தோதான இடமோ நேரமோ அங்கே இல்லை.

நசிமா வாட்ச் பெட்டியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்த விளக்கத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

“ஏலே கேப்டன், எங்களுக்கும் கொஞ்சம் ஓட்டிக் காட்டு. இதுல போட்டிருக்கு, சிவப்பா இருக்க பத்துல இருந்துதான் கணக்கு ஆரம்பிக்கணுமாம். எங்கலே இருக்கு சிவப்புப் பத்து?”

ரியாஸ் மணிக்கட்டைத் திருப்பினான். வெளி வளையத்தில் ஒரு பத்து இருந்தது. உள் வளையத்தில் ஒரு பத்து இருந்தது. பலவேசத்தின் கடையில் பன்னிரண்டையும் அறுபதையும் பார்த்தானே தவிர, பத்துகளை அவன் பார்க்கவில்லை. வாட்சும் இன்று காலைவரை நவ்ஷாத் வீட்டில் இருந்தது, படித்துவைக்க வழியில்லை. இரண்டில் ஒன்று சிவப்பு. எது?

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மஹ்ரீனின் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கே காட்டுங்க மாப்பிள்ளை என்று முன்னால் நகர்ந்தாள். அவன் விரல் வளையத்தின் மேல் நின்றது. அறையில் காற்று இல்லை.

அப்போது கறுத்த கொடிகள் படர்ந்த ஒரு கை மடியிலிருந்து எழுந்தது. வாட்சைப் பார்க்க ஆசைப்படுகிற புதுப்பெண்போல அவன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தது. பெண்கள் ஓ என்று சிரித்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மஹ்ரீனின் நகம் உள் வளையத்துப் பத்தின் மேல் வந்து நின்றது.

“இங்கன” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் அங்கே விரலை வைத்தான். “இதுதான்” என்றான் எல்லோருக்கும். பெரியம்மா திருப்தியாகத் தலையாட்டினாள்.

அவன் நெஞ்சு நிறைந்தது. தெரிந்தே வந்தவள். குனிந்தபடி, வளையத்தைத் திருப்புகிற சாக்கில், கேட்டான்.

“அண்ணன் எப்பச் சொன்னாக?”

நகம் பத்தின் மேலேயே இருந்தது.

“இன்னைக்கிக் காலையில” என்றாள். “சம்மதம் கேக்க வந்தப்ப. சாட்சிக்காரக ரெண்டு பேரும் வாசல்ல நின்னாக. அண்ணன் காதுல வந்து சொன்னாக. அம்மா எதுக்க நின்னு அழுதுக்கிட்டே சிரிச்சாக.”

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“நான் என்ன சொல்ல?”

நவ்ஷாத் வேர்த்து வந்ததும், கொஞ்சம் தாமதமாக வந்ததும் ரியாஸுக்கு நினைவு வந்தன. வாக்கு தவறவில்லை அவர். நிக்காஹ்வுக்கு முன்னால் சொல்லிவிட்டார். ரியாஸ் உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்த உண்மையைக் கொண்டுபோய், அவள் பக்கத்துக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டார். மேடையில் தான் மூன்று முறை உரக்கச் சொன்னதை இவள் மண்டபத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டிருப்பாள். என்ன நினைத்துக்கொண்டு கேட்டாளோ.

அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. ஓரக்கண்ணில் தெரிந்த வரை, அவள் முகத்தில் கோபம் இல்லை. மூடிய கேட்டுக்கு முன்னால் ரயில் வரக் காத்து நிற்பவர்களின் முகம் இருக்குமே, அது.

“விருதுநகர்ல இருந்து மதுரைக்கு உன் பிளேன்ல எம்புட்டு நேரம்லே?” என்று நசிமா கேட்டாள். “போட்டுக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்.”

எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் பின்னால் நின்றவர்கள் எக்கினார்கள். ரியாஸ் வெளி வளையத்தை மெதுவாகத் திருப்பி, வேகத்தை அறுபதுக்கு நேரே நிறுத்தி, தூரத்துக்கு எதிரே இருந்த எண்ணைப் படித்தான்.

“கால் மணி நேரம்.”

விருதுநகர் பஸ் ஸ்டாண்டை விட்டு பஸ் வெளியே வரவே அம்புட்டு நேரம் ஆகும் என்று பெரியம்மா சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது. ஜன்னலிலிருந்து இன்னொரு ஊரின் பெயரைச் சொல்லி, அதற்கு எவ்வளவு என்றார்கள். பிறகு இன்னொன்று. அவன் ஒவ்வொன்றுக்கும் வளையத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். கணக்கு ஒன்றும் தப்பவில்லை.

மஹ்ரீன் விரலை எடுக்கவில்லை. அவன் அடுத்த ஊருக்குத் திருப்பும்போதெல்லாம் அது உள் வளையத்தில், அசையாத அந்தப் பத்தின் மேல், அழுத்தி இருந்தது.